வெப்பமண்டலக் கடற்கரைக்கு எந்த மாதம் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊருக்குப் போக முடிவெடுத்தவர்கள் முதலில் தேடுவது மழை அட்டவணையைத்தான். நான் முதலில் பார்ப்பது காற்றை. எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது, நீங்கள் தங்கப்போகும் கரை அதற்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா என்று தெரிந்துவிட்டால் மாதத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் கீழே உள்ள பதில்களில் காற்று அடிக்கடி தலைகாட்டும்.

சுற்றி வளைக்காமல் ஒரு மாதத்தைச் சொல்லுங்களேன்?

சரி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே என்றால் பிப்ரவரி. தெற்கே என்றால் ஆகஸ்ட். யோசிக்க நேரமில்லாமல் டிக்கெட் போடுகிறவர்களுக்கு இது போதும். பிப்ரவரியில் தாய்லாந்தின் புக்கெட், கிராபி, மாலத்தீவு, இலங்கையின் தென்மேற்குக் கரை, கோவா, அந்தமான், கரீபியன் தீவுகள் எல்லாமே வறண்ட பருவத்தில் இருக்கும். ஆகஸ்டில் இந்தோனேசியாவின் பாலி, லொம்போக், பசிபிக்கின் ஃபிஜி, கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் போன்றவை அதே நிலையில் இருக்கும்.

இந்த விதிக்கு ஓட்டைகள் நிறைய. வடக்கே இருந்துகொண்டே ஆகஸ்டில் அருமையாக இருக்கும் கரைகளும் உண்டு. வெயிலில் படுத்துக் கிடக்க நல்ல மாதம், திமிங்கிலச் சுறாவைப் பார்க்கவோ அலையில் சறுக்கவோ உதவாத மாதமாக இருக்கலாம். கீழே உள்ளதெல்லாம் அந்த ஓட்டைகளைப் பற்றித்தான்.

ஊருக்கு ஊர் பருவம் இவ்வளவு மாறுவது ஏன்?

வெப்பமண்டலத்தில் குளிர்காலம், கோடைக்காலம் என்ற பிரிவுக்கு அதிக வேலை இல்லை. வருடத்தைப் பிரிப்பது மழை. சூரியன் எந்தப் பக்கம் உச்சியில் நிற்கிறதோ, மழை மேகங்களின் பட்டையும் சற்றுப் பின்தங்கி அந்தப் பக்கம் நகர்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது வடக்கே இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கே இறங்கிவிடும். அதனால்தான் புக்கெட்டில் மழை கொட்டும் ஆகஸ்டில் பாலி காய்ந்து கிடக்கிறது. பாலி நனைகிற ஜனவரியில் புக்கெட்டில் வானம் தெளிவாக இருக்கிறது.

ஆசியக் கடல்களில் இதற்கு மேல் பருவக்காற்று வேறு. பெரிய கண்டம் கோடையில் சூடேறி, ஈரக்காற்றைத் தென்மேற்கிலிருந்து இழுக்கிறது. குளிர்காலத்தில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கரீபியனிலும் பசிபிக் தீவுகளிலும் காற்று இப்படித் தலைகீழாகத் திரும்புவதில்லை. அங்கே வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வணிகக்காற்று வீசும். வேகம்தான் கூடிக் குறையும்.

ஒரே தீவில் இரண்டு பக்கமும் இரண்டு பருவமா? நம்பவே முடியவில்லையே.

நம்பலாம். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். நாட்டின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். ஆனால் பருவம் நாட்டுக்கு இல்லை, கரைக்குத்தான்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ கரைகளை நேராக வந்து அடிக்கும். மழைகூடச் சில நாள் விட்டுவிடும், அலை விடாது. அதே வாரத்தில் தீவின் மறுபக்கம் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் ஏரி மாதிரி கிடக்கும். நடுவே இருக்கும் மலைகள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. டிசம்பரில் காற்று திரும்பியதும் எல்லாம் தலைகீழ். மேற்கே வெயில், கிழக்கே மழை.

தாய்லாந்திலும் இதே கதைதான், ஆனால் மாதங்கள் வேறு. அந்தமான் கடல் பக்கமுள்ள புக்கெட், கிராபிக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். வளைகுடாப் பக்கமுள்ள கோ சமுய் தீவுக்கோ அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் கடும் மழை. ‘தாய்லாந்துக்கு நவம்பர் நல்லது’ என்று எங்கோ படித்துவிட்டு சமுயில் அறை போட்டவர்கள், வருடத்தின் மிக ஈரமான மாதத்தைப் பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். மலேசியாவிலும் அப்படித்தான்: கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளே மூடிவிடும். மேற்கே லங்காவி அந்த மாதங்களில் திறந்தே இருக்கும்.

இதை மிகச் சிறிய அளவில் பார்க்க வேண்டுமானால் பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவுக்குத்தான் போக வேண்டும். அதன் குறுகலான இடுப்பில் மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் இடையே நடந்தே போய்விடலாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று வீசும்போது மேற்கே வெள்ளை மணல் கரையில் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும். கிழக்கே புலாபோகில் அதே நிமிடம் காற்று சீறும், பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கைட் சர்ஃபிங் செய்கிறவர்கள் தண்ணீரின் மேல் பறந்துகொண்டிருப்பார்கள். ஜூனில் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் மேற்குக் கரையில் அலை ஏறிவிடும். கிழக்கே அமைதி திரும்பும்.

மழை அட்டவணையை எப்படிப் படிப்பது? 300 மில்லிமீட்டர் என்றால் பயப்பட வேண்டுமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். 300 மில்லிமீட்டர் மூன்று நாள் பேய்மழையாகவும் பெய்திருக்கலாம், மாதம் முழுக்கத் தினமும் 10 மில்லிமீட்டர் வீதம் நசநசத்தும் இருக்கலாம். முதலாவது என்றால் உங்களுக்கு 27 நாள் வெயில். ஆகவே மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் ‘மழை நாட்கள்’ என்று ஒரு வரிசை இருக்கிறதா பாருங்கள். ‘வெயில் மணி நேரம்’ என்ற வரிசையும் இருந்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால் அந்த மூன்றில் இதுதான் உண்மையைச் சொல்லும். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் வெயில் என்று இருந்தால், மழை எவ்வளவு பெய்தாலும் இரவிலோ சட்டென்று வந்து போகும் மழையாகவோதான் பெய்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது, மழை பெய்யும் நேரம். மலையும் காடும் உள்ள பெரிய தீவுகளில் காலையில் வெயில் அடித்து, நிலம் சூடேறி, பிற்பகலில் மேகம் கட்டிக் கொட்டுவது வழக்கம். அங்கே காலை ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறவர்களுக்கு மழைக்காலம்கூடப் பெரிய நஷ்டமில்லை. மாலத்தீவு போன்ற தட்டையான பவளத்தீவுகளில் இந்தக் கணக்கு செல்லாது. சூடேற நிலமே இல்லை. மழை இரவிலும் வரும், விடியலிலும் வரும்.

மூன்றாவதாக ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. அந்த எண்களை அளந்த நிலையம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் விமான நிலையத்தில். உங்கள் கடற்கரை தீவின் மறுபக்கத்தில் இருக்கலாம். ஹவாயின் கவாய் தீவின் நடுவிலுள்ள வாய்அலேஅலே மலை உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே தீவின் தென்கரையில் உள்ள போய்ப்பு, மழை மறைவில் இருப்பதால் வறண்ட ஊர். ஒரே தீவின் பெயரில் வரும் சராசரி இந்த இரண்டில் எதற்கும் பொருந்தாது.

மழையைப் பற்றிக் கவலையில்லை, விலை குறைவு. மழைக்காலத்திலேயே போகலாமா?

போகலாம். ஆனால் நீங்கள் விட்டுக்கொடுப்பது வெயிலை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கடலையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறீர்கள்.

காற்று நேராக அடிக்கும் கரையில் மழைக்கால அலை மணலை வாரிக்கொண்டு போய்விடும். நீலக்கடலும் பரந்த மணலும் உள்ள புகைப்படத்தைப் பார்த்து அறை போட்டிருப்பீர்கள். போய்ப் பார்த்தால் விடுதியின் கடைசிப் படிக்கட்டு மணலைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், கீழே கறுத்த பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை, காற்று திரும்பியதும் அந்த மணல் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும். ஆனால் உங்கள் விடுமுறைக்குள் வராது.

அதைவிட முக்கியம் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் ஏதாவது ஒரு வழியாகத் திரும்பியாக வேண்டும் இல்லையா? இரண்டு பக்கமும் வெண்நுரை பொங்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் கறுப்பாக, அமைதியாக ஒரு பட்டை தெரிந்தால் அதுதான் அந்த வழி. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் அலை இல்லை என்று சரியாக அந்த இடத்தில் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், மிதந்துகொண்டே பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரோடு திரும்பிவிடுங்கள். கோவாவிலும் புக்கெட்டிலும் மழைக்கால மாதங்களில் அந்தக் கொடி அடிக்கடி ஏறும்.

படகுச் சேவையும் அடிபடும். தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடப்படுகின்றன. மாயா பே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடப்படுகிறது. கோவாவில் மணலில் போடும் கடற்கரைக் குடில் உணவகங்களை மழைக்கு முன்பே பிரித்துவிடுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் போகிறவர்கள் உண்டு, காரணமும் உண்டு. பச்சைப் பசேலென்ற மலை, ஆளில்லாத கரை, நல்ல அறை. புத்தகம் படிக்கவும் தூங்கவும் போகிறவர்களுக்குத் தாராளமாக மழைக்காலத்தைச் சொல்வேன். நீந்தத்தான் போகிறேன் என்பவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

புயல் காலம் எப்போது?

கடலுக்குக் கடல் வேறு. அட்லாண்டிக், கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து அக்டோபர் வரை உச்சம். மேற்குப் பசிபிக்கில் எந்த மாதமும் வரலாம், ஜூலை முதல் அக்டோபர் வரை அதிகம். வங்கக் கடலில் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு காலம்: மே மாதத்தை ஒட்டி ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. மொரீஷியஸ், ஃபிஜி, வடகிழக்கு ஆஸ்திரேலியா ஆகிய தெற்குப் பகுதிகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை.

புயலே வராத இடம் வேண்டும் என்றால் நிலநடுக்கோட்டை ஒட்டிப் பாருங்கள். கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய ஐந்து பாகைக்குள் பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை மிகக் குறைவு. காற்று சுழன்று புயலாவது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் உருவான வாமெய் புயல் இன்றும் பேசப்படுவது அந்த அபூர்வத்தால்தான். கரீபியனில் அரூபா, பொனேர், குரசாவ் ஆகிய மூன்று தீவுகள் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கின்றன.

ஆனால் ‘பாதைக்கு வெளியே’ என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரெனடாவையும் தெற்கே ஒதுங்கிய தீவு என்றுதான் சொல்வார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அதைச் சின்னாபின்னமாக்கியது. 2024 ஜூலை 1 அன்று பெரில் அதன் பக்கத்துத் தீவான கரியாக்கூவைத் தாக்கியது. காலண்டரும் அப்படித்தான்: பிலிப்பைன்ஸில் ஹையான் வந்தது 2013 நவம்பரில், ராய் வந்தது 2021 டிசம்பரில்.

இதற்காகப் பயணத்தையே விட வேண்டியதில்லை. உச்ச மாதங்களில் போவதானால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டும் பயணக் காப்பீடும் எடுங்கள். காப்பீட்டை முன்பதிவோடு சேர்த்தே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் பொதுவாக அந்தப் புயலின் நஷ்டத்துக்குப் பணம் வராது.

தண்ணீர் தெளிவாக இருக்கும் மாதம் எது? மூச்சுக்குழாயோடு மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கும், காற்று உருளையோடு ஆழத்தில் இறங்கும் ஸ்கூபாவுக்கும் போகிறோம்.

காற்று ஓய்ந்த மாதம். வெயிலைவிட இதற்குக் காற்றுதான் முக்கியம். ஒரு பருவக்காற்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையே சில வாரம் கடல் மூச்சுவிடும். சீஷெல்ஸில் அது ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் வரும். டைவர்கள் சரியாக அப்போதுதான் போகிறார்கள். ஆற்று முகத்துவாரம் அருகில் இருந்தால் மழைக்குப் பிறகு பல நாள் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும், அதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நிலநடுக்கோட்டுப் பக்கம் கடல் வருடம் முழுக்க 28 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். கோட்டை விட்டுத் தள்ளிப் போனால் கவனிக்க வேண்டும். மொரீஷியஸில் ஆகஸ்டில் கடல் 23 பாகை வரை இறங்கும். குளிராது என்று நம்பிப் போன குழந்தைகள் பத்து நிமிடத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடுவார்கள்.

திமிங்கிலம், திருக்கை பார்க்கத்தான் போகிறோம் என்றால்?

அப்படியானால் வெயில் மாதத்தை மறந்துவிடுங்கள். பெரிய உயிரினங்கள் உணவைத் தேடி வருகின்றன. மிதவை உயிரிகள் பெருகிய தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்ற விரிகுடா இருக்கிறது. மாண்டா திருக்கைகள் கூட்டமாக அங்கே வாயைத் திறந்துகொண்டு சுற்றுவது தென்மேற்குப் பருவத்தில்தான், அதாவது மே, ஜூனிலிருந்து நவம்பர் வரை. மற்றவர்கள் ‘ஆஃப் சீசன்’ என்று ஒதுக்கும் மாதங்கள்! அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்கெலிங் மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் திமிங்கிலச் சுறாக்களுக்கு மார்ச் முதல் ஜூலை வரை. பசிபிக் தீவு நாடான டோங்காவில் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை. மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலத்துக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பாலிக்கு அருகே நூசா பெனிடாவில் சூரியமீனைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறும் காலம் அது, கனமான நீச்சல் உடை இல்லாமல் இறங்க முடியாது.

சர்ஃபிங்?

மேலே சொன்னதைப் பெரும்பாலும் தலைகீழாகப் படியுங்கள். ஹவாயின் ஒஆஹு தீவின் வடகரையில் ராட்சத அலை வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் அதே இடத்தில் குழந்தைகள் நீந்துவார்கள். இலங்கையின் அறுகம்பைக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கற்றுக்கொள்ள மட்டும் போகிறவர்கள் உச்சப் பருவத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ போவது நல்லது.

கடற்பாசி, ஜெல்லி மீன், குப்பை: இதற்கும் மாதம் உண்டா?

உண்டு, விளம்பரத்தில்தான் வராது. சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி 2011 முதல் கரீபியன் கரைகளில் பெருமளவில் ஒதுங்கத் தொடங்கியது. மெக்சிகோவின் கான்கூன் பக்கம் பெரும்பாலான வருடங்களில் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தொல்லை அதிகம். குவிந்து அழுகினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கிழக்கே பார்த்த கரைகளில்தான் அதிகம் ஒதுங்கும் என்பதால், தீவுக்குப் போகிறவர்கள் அதன் மேற்குக் கரையில் தங்கினால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லி மீன் காலம். உயிரையே எடுக்கும் விஷம் அது. கரையோரத்தில் வலை கட்டிய பகுதிக்குள், உடல் மூடிய உடையோடுதான் இறங்க வேண்டும். பாலியின் குட்டா, செமின்யாக் பக்கம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் காற்று குப்பையைக் கரையில் கொண்டுவந்து கொட்டும். விடியற்காலையில் டிராக்டர் வைத்து வாருவார்கள், மறுநாள் மறுபடியும் வந்துவிடும்.

மாதம் சரி. தேதி முக்கியமா?

சில கரைகளில் ரொம்ப முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். சான்சிபாரின் கிழக்குக் கரையில் பாஜே போன்ற ஊர்களில் வற்றத்தின்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கும். நீந்த ஆழம் தேடிப் போனால் கடல்முள்ளெலிகளை மிதிக்காமல் நடக்கச் செருப்பு வேண்டும். காலை பத்து மணிக்குத் தண்ணீரே இல்லை என்று கோபப்படாமல், ஓத அட்டவணையைப் பார்த்து அஷ்டமியை ஒட்டிய நாட்களாகப் போடுங்கள். ஏற்ற வற்றத்தின் வீச்சு அப்போது குறைவு. அதே தீவின் வடமுனையில் நுங்வியில் இந்தத் தொல்லை வெகு குறைவு. கரீபியனில் ஏற்ற வற்றமே மிகச் சிறியது, அங்கே இந்தக் கணக்கு வேண்டாம்.

கூட்டமும் இல்லாமல், வானிலையும் கெடாமல் இருக்கும் மாதம் இருக்கிறதா?

இருக்கிறது. வறண்ட பருவத்தின் இரு ஓரங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மழை முடிந்த கையோடு வரும் மாதத்தைச் சொல்வேன்: பாலிக்கு மே, புக்கெட்டுக்கு நவம்பர் பின்பாதி, சான்சிபாருக்கு ஜூன். மலை பச்சையாக இருக்கும், காற்றில் தூசி இருக்காது, விலை இன்னும் ஏறியிருக்காது. மறு ஓரம், அதாவது மழை தொடங்குவதற்கு முந்தைய மாதம், பருவக்காற்று நாடுகளில் வேகும். ஏப்ரலில் தாய்லாந்தில் இரவில்கூட வெக்கை இறங்காது.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ஜனவரி இரண்டாவது வாரம் வானிலை அதேதான், கூட்டம்தான் கலைந்திருக்கும்.

எனக்கு விடுமுறை கிடைப்பதே குறிப்பிட்ட மாதத்தில்தான். எங்கே போவது?

இதுதான் சரியான கேள்வி என்பேன். பெரும்பாலானவர்களுக்கு மாதம் கையில் இருக்காது, இடம்தான் கையில் இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை: அந்தமான், புக்கெட், தென்மேற்கு இலங்கை, மாலத்தீவு, போராக்காய், கரீபியன். இந்த மூன்று மாதத்தில் வடக்கே பெரும்பாலான கரைகளில் பெரிதாகத் தவறாது. ஃபிஜி, பாலி, வட குயின்ஸ்லாந்து பக்கம் போக வேண்டாம்.

ஏப்ரல், மே கொஞ்சம் சிக்கல். ஏப்ரலுக்கு சீஷெல்ஸ், வியட்நாமின் தா நாங். மே மாதத்துக்கு பாலி, பெர்ஹெந்தியான், திருகோணமலை. சான்சிபாரில் இந்த இரண்டு மாதமும் நெடுமழை. சில விடுதிகள் பூட்டியே கிடக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளி விடுமுறைக்காரர்களுக்குத் தேர்வு நிறைய: பாலி, லொம்போக், சான்சிபார், ஃபிஜி, மலேசியாவின் கிழக்குத் தீவுகள், கிழக்கு இலங்கை, கோ சமுய். மொரீஷியஸ் போவதானால் மேற்குக் கரையில் தங்குங்கள். கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும்.

செப்டம்பரில் தெற்கே போங்கள். அக்டோபர்தான் வருடத்திலேயே கஷ்டமான மாதம். வடக்கே எங்கும் பருவம் மாறிக்கொண்டிருக்கும். மொரீஷியஸும் சீஷெல்ஸும் கைகொடுக்கும். நவம்பரில் மொரீஷியஸ் இன்னும் வறட்சியாகவே இருக்கும், மாதப் பின்பாதியில் புக்கெட்டும் கோவாவும் தேறிவிடும். தா நாங், சமுய் இரண்டையும் நவம்பரில் தொடவே வேண்டாம். டிசம்பரில் சமுய் போன்ற வடகிழக்குக் காற்றுக்கு முகம் காட்டும் கரைகளைத் தவிர, வடக்கே கதவு திறந்துவிடும்.

கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறோம். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

அலை இல்லாத கரை, நீளமான படகுப் பயணம் இல்லாத தீவு, அவ்வளவுதான். காற்று மறைவான பக்கம் என்றால் முதலாவது தானாகக் கிடைத்துவிடும். மழை விட்ட முதல் சில வாரம் கொசு அதிகம். டெங்கு உள்ள ஊர் என்றால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போங்கள். மேகமூட்டமாக இருக்கிறது என்று குழந்தையை மதியம் கடலில் விடாதீர்கள். வெப்பமண்டலத்தில் மேகத்தைத் தாண்டியும் புற ஊதாக் கதிர் தோலைச் சுட்டுவிடும்.

இப்போதெல்லாம் பருவம் தவறித்தானே பெய்கிறது? இந்தக் கணக்கெல்லாம் செல்லுமா?

காற்று திரும்பும் ஒழுங்கு அப்படியேதான் இருக்கிறது. எந்த வாரம் திரும்பும், எவ்வளவு கொட்டும் என்பதில்தான் ஆட்டம். பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தோனேசியப் பக்கம் மழை குறைந்து வறட்சி வரும். அது குளிரும் லா நினாவில் வறண்ட மாதத்திலும் நனையலாம். இந்தியப் பெருங்கடலில் மேற்குப் பாதி வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளும் உண்டு. 2019 அப்படிப்பட்ட ஆண்டு: கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆண்டுக் கடைசியில் வரும் குறுமழைக் காலம் வெள்ளமாகவே வந்தது. ஆகவே பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பு எல் நினோ நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செல்போன் செயலியில் 14 நாளைக்கும் மழைப் படம் காட்டினால் பதற வேண்டாம். வெப்பமண்டலத்தில் ஐந்து நாளுக்கு மேற்பட்ட கணிப்புக்குப் பெரிய மதிப்பில்லை. ‘இடியுடன் மழை’ என்ற படம் ஒரு மணி நேர மழைக்கும் வரும்.

முன்பதிவுக்கு முன் விடுதியில் என்ன கேட்க வேண்டும்?

‘அந்த மாதம் வானிலை எப்படி?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா விடுதியும் ‘நன்றாக இருக்கும்’ என்றுதான் சொல்லும். இப்படிக் கேளுங்கள்: உங்கள் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது? அந்த மாதம் வாரத்தில் எத்தனை நாள் சிவப்புக் கொடி ஏறும்? படகு தினமும் ஓடுகிறதா, ரத்தானால் அன்று இரவுத் தங்கலுக்கு யார் பொறுப்பு? கடற்பாசி ஒதுங்குகிறதா? விடுதியில் கட்டட வேலை நடக்கிறதா? பராமரிப்பு வேலையை ஆஃப் சீசனில்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதில் மழுப்பலாக வந்தால், போன வருடம் அதே மாதம் அங்கே தங்கியவர்கள் போட்ட புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். விடுதிக்காரர் சொல்லாத அலையும் மணலும் அவற்றின் பின்னணியில் தெரியும்.